ஹீட்டர் மாற்றும் முன் யாரிடம் கேட்பது?

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் தொடர்மாடியில் இருக்கிறீர்கள் என்றால், பாத்ரூம் ஹீட்டரை மாற்றும் முன் கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள், முக்கியமாகச் சுவரைத் துளைக்கவோ பொதுக் குழாயில் கை வைக்கவோ வேண்டியிருந்தால். வாடகை வீடா, வீட்டுக்காரரிடமும் கேளுங்கள்.

சரி, பேப்பர் வேலை அவ்வளவுதான். என்னைக் கேட்டால் பெரிய விஷயம் வயர்தான். பழையது 2.5 கிலோவாட், புதியது 4.5 என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 20 அம்பியர் இழுக்கும், அதை 13 அம்பியர் பிளக்கில் சொருகினால் பிளக் சூடேறிக் கருகிவிடும். போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த், எல்லாம் தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் கையால். அப்புறம் கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சில் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், டக்கென்று விழாவிட்டால் குளிக்கப் போகாதீர்கள்.