எர்த் பின்னைக் கழற்றும் முன்: சொந்தமாக ஆம்ப்ளிபயர் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் ஆம்ப்ளிபயரைச் செய்து முடித்து ஸ்பீக்கரை மாட்டியதும் எனக்குக் கேட்டது பாட்டு இல்லை, 'ம்ம்ம்' என்ற இரைச்சல்தான். போர்டு வாங்கிய கடையில் போய் நின்றேன். அங்கிருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல் வைத்தியம் சொன்னார்: "பிளக்குல எர்த் பின்னைக் கழட்டிடுங்க தம்பி, போயிடும்." கழற்றினேன். போய்விட்டது. இரண்டு மாதம் நிம்மதியாகப் பாட்டுக் கேட்டேன். ஒருநாள் வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்க்ரூவில் விரல் பட்டதும் சுள்ளென்று இழுத்தது. திறந்து பார்த்தால், டிரான்ஸ்பார்மருக்குப் போகும் பேஸ் வயர் தகட்டில் போட்ட ஓட்டையின் விளிம்பில் உரசி உரசி, உறை கிழிந்து, செம்பு வெளியே தெரிந்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. நம்மூர் மெக்கானிக்குகள் இரண்டு வேறு விஷயங்களுக்கு 'எர்த்' என்ற ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். சுவரில் உள்ள மூன்று பின் சாக்கெட்டின் பெரிய ஓட்டைக்குள் இருப்பது எர்த். ஷீல்டு வயரின் வெளிப்பின்னலும் எர்த். முதலாவது உயிரைக் காக்க வந்தது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது அதில் கரண்ட் போகவே கூடாது. இரண்டாவது சர்க்யூட்டின் பூஜ்ஜிய வோல்ட் இடம். சிக்னலும் சப்ளையும் திரும்பி வருகிற பாதை, அதில் எப்போதும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் கட்டுரையில் முதலாவதை வீட்டு எர்த் என்றும் இரண்டாவதை போர்டு எர்த் என்றும் சொல்கிறேன். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல், ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டியதால் வந்தவை.

வீட்டு எர்த் முதலில் இருக்கிறதா?

மூன்று பின் சாக்கெட் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பழைய வீடுகளில் பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230ஐ ஒட்டி வர வேண்டும், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட். பேஸ்-எர்த் 90, 130 என்று அலைந்தால் அந்த எர்த் எங்கேயோ அந்தரத்தில் தொங்குகிறது. மீட்டர் சரியாகக் காட்டினாலும் எர்த் பலவீனமாக இருக்கலாம். மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு சொற்பம். 100 வாட் குண்டு பல்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே போட்டால் உண்மை தெரியும். பிரகாசமாக எரிய வேண்டும், அல்லது வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அது உடனே டிரிப் ஆக வேண்டும். ஆனால் இதை எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். எர்த் அறுந்திருந்தால், சோதிக்கும் அந்த நேரத்தில் வீட்டில் அதோடு சேர்ந்த தகடெல்லாம் லைவ் ஆகிவிடும்.

எர்த் இல்லை என்று தெரிந்ததும் சிலர் ஒரு குறுக்கு வழி செய்வார்கள்: சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு சின்ன வயரை எர்த்துக்கு இழுத்துவிடுவது. மீட்டரில் எல்லாம் அழகாகக் காட்டும். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால், அல்லது யாராவது பேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் போட்டால், உங்கள் ஆம்ப்ளிபயர் கேபினெட் முழுவதும் 230 வோல்ட். எர்த்தே இல்லாததைவிட மோசமான நிலை இது.

"கம்பெனி ஆம்ப்ளிபயரில் இரண்டு பின்தானே இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். அதன் பின்பக்கம் பாருங்கள், சதுரத்துக்குள் சதுரம் போட்ட ஒரு குறி இருக்கும். இரட்டைக் காப்பு என்று அர்த்தம். வயர், டிரான்ஸ்பார்மர், சுவிட்ச், அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளி எல்லாமே அதற்கென்று வடிவமைத்துச் சோதித்தவை. நாம் டிரில் போட்டு வளைத்த தகட்டுப்பெட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. மூன்று பின்தான்.

பெட்டிக்குள் வந்தபின்

வீட்டு எர்த்தான பச்சை வயர் பெட்டிக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் தகட்டோடு சேர வேண்டும். அதற்கென்று தனி போல்ட். டிரான்ஸ்பார்மரைப் பிடித்திருக்கும் போல்ட்டிலேயே மாட்டிவிடுவது எல்லோரும் செய்வது. நாளைக்கு டிரான்ஸ்பார்மரை மாற்றும்போது எர்த்தும் கழன்றுவிடும், திரும்பப் போட மறப்போம். போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, ரிங் லக் (வயர் நுனியில் நசுக்கிப் பிடிக்கும் உலோக வளையம்), பல்லுள்ள வாஷர், மேலே இரண்டு நட். பச்சை வயரை மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக விடுங்கள். யாராவது கார்டைப் பிடித்து இழுத்தால் பேஸ் முதலில் பிடுங்கிக்கொள்ளட்டும், எர்த் கடைசியாக. வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போடுங்கள். சில ரூபாய்ப் பொருள்தான். என் கதையில் இல்லாமல் போனது அதுதான்.

ஃபியூஸும் சுவிட்சும் பேஸில் இருக்க வேண்டும். நியூட்ரலில் போட்ட ஃபியூஸ் போனாலும் உள்ளே பேஸ் காத்துக்கொண்டுதான் இருக்கும். சுவிட்ச் இரண்டு வயரையும் ஒருசேரத் துண்டிப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. ஃபியூஸ் போனால் வயர் இழை சுற்றுவதைப் பற்றி எழுத மாட்டேன், அது தவறு என்று சுற்றுபவருக்கே தெரியும். ஆனால் டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மருக்குச் சாதாரண வேக ஃபியூஸ் போட்டால் ஆன் செய்யும்போதெல்லாம் போய்க்கொண்டே இருக்கும், இழை சுற்றும் சபலம் அங்கேதான் பிறக்கிறது. மெதுவாக உருகும் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

வயர் நுனியில் ஈயம் வைத்து ஸ்க்ரூ டெர்மினலில் முடுக்குவது இன்னொரு பழக்கம். பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும், சில மாதத்தில் ஸ்க்ரூ லூசாகிச் சூடேறும். மெயின்ஸ் பக்கம் லக் வைத்து நசுக்குங்கள்.

டொராய்டல் போல்ட்

வட்டமான டொராய்டல் டிரான்ஸ்பார்மர் நடுவே ஒரு போல்ட்டால் நிற்கும். போல்ட்டின் அடிப்பக்கம் தகட்டைத் தொடுகிறது. மேல்தலை மூடியைத் தொட்டுவிட்டால்? போல்ட், மூடி, பக்கச்சுவர், அடித்தகடு எல்லாம் சேர்ந்து டிரான்ஸ்பார்மரைச் சுற்றி ஒரு முழுச் சுற்று. ஒரே சுற்றுள்ள செகண்டரியை ஷார்ட் செய்தது போல. வோல்ட் மிகக் குறைவு, கரண்ட் நூறு ஆம்பியர் கணக்கில் போகும். ஃபியூஸ் நல்லதாக இருந்தால் ஃபியூஸ் போகும், இல்லையென்றால் டிரான்ஸ்பார்மர் போகும். மூடியைத் திறந்து வைத்துச் சோதிக்கும்போது எல்லாம் நன்றாக ஓடும், மூடியதும் புகையும். போல்ட்டுக்கும் மூடிக்கும் நடுவே குறைந்தது ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

முதல் ஆன்

கைப்பழக்கத்துக்கு எல்.எம்.3886 என்ற ஆம்ப்ளிபயர் ஐசி நல்லது. 24-0-24 டிரான்ஸ்பார்மர் போட்டால் ரெக்டிஃபயருக்குப் (ஏசியை டிசியாக்கும் டையோடுகள்) பின் பிளஸ் 33, மைனஸ் 33 வோல்ட் அளவில் வரும் (24ஐ 1.414ஆல் பெருக்கி, டையோடுக்குக் கொஞ்சம் கழியுங்கள்). லோடு இல்லாதபோதும், இரவில் மெயின்ஸ் வோல்டேஜ் 250க்கு ஏறும்போதும் 37, 38 வரை போகலாம். அதனால் 35 வோல்ட் கெப்பாசிட்டரை நினைக்காதீர்கள், 50 வோல்ட். மைனஸ் பக்கக் கெப்பாசிட்டரில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள்: அங்கே கெப்பாசிட்டரின் பிளஸ் கால் போர்டு எர்த்துக்குப் போக வேண்டும், மைனஸ் கால் மைனஸ் சப்ளை வயருக்கு. மாற்றிப் போட்டால் வெடிக்கும். முகத்தைப் பெட்டிக்கு மேல் வைத்து ஆன் செய்யாதீர்கள்.

இந்த ஐசியின் உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு உள்ளே இணைந்திருக்கிறது. டிடிஏ7294 ஐசியும் அப்படியே. மைக்கா ஷீட்டும் போல்ட்டுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் போடாமல் ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் அலுமினியத் துண்டு) முடுக்கினால், ஹீட்சிங்க் முழுவதும் மைனஸ் 33 வோல்ட். ஹீட்சிங்க் எர்த் செய்த பெட்டியைத் தொட்டால் ஷார்ட். 'டிஎஃப்' என்று முடியும் எல்.எம்.3886 முழுக்கப் பிளாஸ்டிக் உறையில் வரும், அதற்கு மைக்கா வேண்டாம். எதுவானாலும் முடுக்கியபின் முதுகுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே மீட்டரில் பாருங்கள், பீப் அடிக்கக் கூடாது.

ரிப்பேர் கடைகளில் இருக்கும் சீரிஸ் போர்டு உங்களுக்கும் வேண்டும். பேஸ் வயரில் ஒரு 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, அதற்குப் பின் சாக்கெட். எல்இடி பல்பு இதற்கு உதவாது. முதல்முறை அதன் வழியாக ஆன் செய்தால் பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்க வேண்டும். மங்காமல் நின்று எரிந்தால் ஏதோ ஷார்ட். பல்பு கரண்டைத் தடுத்து உங்கள் ஐசியைக் காப்பாற்றிவிட்டது. பிறகு ஸ்பீக்கர் மாட்டாமலேயே அவுட்புட்டில் டிசி எவ்வளவு என்று அளங்கள். சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஸ்பீக்கரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஆஃப் செய்ததும் உள்ளே கை விடவும் கூடாது. 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 35 வோல்ட்டில் சுமார் 6 ஜூல் வைத்திருக்கும். ஆளைக் கொல்லாது, ஆனால் மோதிரம் பட்டால் பொறி பறக்கும். ஸ்க்ரூடிரைவரால் 'டப்' என்று அடிப்பது வீரம் மாதிரித் தெரிந்தாலும் கெப்பாசிட்டருக்குக் கேடு. ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் குறுக்கே 2.2 கே, 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக வைத்துவிட்டால் ஓரிரு நிமிடத்தில் தானே இறங்கிவிடும்.

அந்த 'ம்ம்ம்' எங்கிருந்து வருகிறது

இரைச்சலில் இரண்டு ஜாதி. மெத்தென்ற 'ம்ம்ம்' என்றால் 50 ஹெர்ட்ஸ்: டிரான்ஸ்பார்மரின் காந்தம் இன்புட் வயரில் ஏறுகிறது, அல்லது டிவி, கம்ப்யூட்டரோடு சேர்ந்து எர்த் வளையம் (இரண்டு சாதனங்களின் எர்த்தும் சிக்னல் வயரும் சேர்ந்து போடும் சுற்று) உண்டாகியிருக்கிறது. கரகரப்பான 'ஸ்ர்ர்' என்றால் 100 ஹெர்ட்ஸ்: பெரும்பாலும் உங்கள் போர்டு எர்த் வயரிங் தப்பு. முதலில் இன்புட் வயர்களை எல்லாம் பிடுங்கி, இன்புட்டை ஷார்ட் செய்து கேளுங்கள். அப்போதும் வந்தால் குற்றவாளி பெட்டிக்குள்ளேயே இருக்கிறார்.

100 ஹெர்ட்ஸ் ஏன் வருகிறது? ரெக்டிஃபயர் கெப்பாசிட்டரைச் சீராக நிரப்புவதில்லை. வினாடிக்கு 100 தடவை, குடத்தில் வாளியைக் கவிழ்ப்பதுபோல, குறுகிய துடிப்புகளாகக் கொட்டுகிறது. நிறையச் சத்தம் வைத்தால் ஒவ்வொரு துடிப்பும் 10 ஆம்பியர் இருக்கலாம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 10 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.7 மில்லி ஓம். பெருக்கினால் 17 மில்லிவோல்ட். இன்புட் எர்த்தை அந்த வயரின் தூர முனையில் பற்றவைத்திருந்தால், அந்த 17 மில்லிவோல்ட் பாட்டோடு சேர்ந்து உள்ளே போய் 20 மடங்காகி, ஸ்பீக்கரில் மூன்றில் ஒரு வோல்ட்டாக வரும். பக்கத்து அறைக்குக் கேட்கும்.

தீர்வு வயரைத் தடிமனாக்குவது இல்லை, இடத்தை மாற்றுவது. டிரான்ஸ்பார்மரின் சென்டர் (0) வயர் இரண்டு கெப்பாசிட்டர்களின் நடுச்சந்திப்புக்கு நேரே போகட்டும். அந்தச் சந்திப்பிலிருந்து ஒரு சின்னத் தனி வயரை வெளியே இழுத்து, அதன் நுனியை நட்சத்திரப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் மைனஸ், போர்டின் பவர் எர்த், இன்புட் எர்த் எல்லாம் அங்கே தனித்தனியாக வந்து சேரட்டும். ஸ்பீக்கர் மைனஸைப் பெட்டித் தகட்டில் மாட்டவே கூடாது. இன்புட் வயர் மாட்டும் ஆர்சிஏ சாக்கெட்டுகளைப் பின்தகட்டில் பிளாஸ்டிக் வாஷர் போட்டுத் தனிமைப்படுத்துங்கள். இல்லையென்றால் நீங்கள் உள்ளே கட்டிய நட்சத்திரம் பின்பக்கம் வேறொரு வழியாகத் தகட்டோடு கைகோத்துவிடும். வால்யூம் கண்ட்ரோலின் உடம்பு மட்டும் தகட்டோடு சேரட்டும். குமிழைத் தொட்டால் இரைச்சல் மாறினால் அது சேரவில்லை என்று அர்த்தம்.

50 ஹெர்ட்ஸுக்கு முதலில் டொராய்டலை போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள், சில கோணங்களில் ஆச்சரியமாகக் குறையும். கேபிள் டிவி வயர் செட்டாப் பாக்ஸ் வழியாக வந்து வளையம் போடுவதும் நிறைய நடக்கிறது. அந்த வயரைப் பிடுங்கியதும் அமைதியானால், சிக்னல் வழியில் ஓர் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போதும்.

இப்போது பழைய வைத்தியத்துக்கு வருவோம். எர்த் பின்னைக் கழற்றினால் வளையம் அறுகிறது, அதனால்தான் இரைச்சல் நிற்கிறது. அறுக்க வேண்டிய இடம் வேறு. வீட்டு எர்த் பெட்டியோடு நேராக, நிரந்தரமாக இருக்கட்டும். நட்சத்திரப் புள்ளிக்கும் பெட்டிக்கும் நடுவே 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று, அதற்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், இன்னும் இணையாக ஒரு 35 ஆம்பியர் பிரிட்ஜ் (நான்கு டையோடுகள் ஒரே உறையில் உள்ளது). பிரிட்ஜின் பிளஸ்ஸையும் மைனஸையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, இரண்டு ஏசி கால்களில் ஒன்றைப் புள்ளிக்கும் மற்றதைப் பெட்டிக்கும் கொடுங்கள். வளையத்தில் ஓடும் சில மில்லிவோல்ட் 10 ஓமில் அடங்கிவிடும். டிரான்ஸ்பார்மருக்குள் காப்பு உடைந்து பேஸ் போர்டு பக்கம் வந்தால், ஒரு வோல்ட்டைத் தாண்டியதுமே டையோடுகள் திறந்து கரண்டை எர்த்துக்குத் தள்ளி ஃபியூஸைப் போக்கிவிடும். ரெசிஸ்டரை மட்டும் போட்டு பிரிட்ஜை விட்டுவிடாதீர்கள், அந்த நாளில் ரெசிஸ்டர் எரிந்து போர்டு எர்த் லைவாக நிற்கும், உங்கள் ஆர்சிஏ வயரின் நுனி வரை.

எல்லாம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றி வைத்து, எர்த் பின்னுக்கும் பெட்டியின் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே மீட்டரில் பாருங்கள். மீட்டர் வயரின் சொந்த ரெசிஸ்டன்ஸைக் கழித்தால் அரை ஓமுக்குள் இருக்க வேண்டும். மூடியையும் விட்டுவிடாதீர்கள். பவுடர் கோட்டிங் அடித்த மூடி ஸ்க்ரூ முடுக்கினாலும் பல நேரம் தகட்டோடு சேர்வதில்லை. என்னுடையதில் மூடிக்கென்று ஒரு பச்சை வயர் தனியாகப் போகிறது. வீட்டில் எல்லோரும் கை வைப்பது அதன் மேல்தான், பூனை தூங்குவதும் அதன் மேல்தான்.