முடக்க காலத்தில் ஏறிய நிறை: வன்னிப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கொரோனாத் தொற்றால் 2020 மார்ச்சில் இலங்கையில் பாடசாலைகள் மூடப்பட்டு ஊரடங்கு வந்தது. 2021 இல் பயணத்தடை வந்தது. இவற்றால் பிள்ளைகளின் படிப்புக் கெட்டதைப் பற்றி அதிகம் பேசிய நாம், உடம்பு கெட்டதைப் பற்றிக் குறைவாகவே பேசினோம். இங்கிலாந்தில் 4–5 வயதுப் பிள்ளைகளிடையே 2019/20 இல் 9.9 வீதமாக இருந்த உடற்பருமன், அடுத்த கல்வியாண்டில் 14.4 வீதமாகியது. வன்னியின் நிலை அதுவன்று. இங்கு மெலிந்த பிள்ளையும் பருத்த பிள்ளையும் ஒரே வகுப்பில், சில வேளைகளில் ஒரே வீட்டில் இருக்கின்றனர். ஆகவே கண்மதிப்பை நம்பாமல் அளந்து பார்ப்பதே முதல் வேலை.

பிள்ளையைச் செருப்பில்லாமல், குதிக்கால் சுவரில் படும்படி நிறுத்தி, தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தை மட்டமாக வைத்துச் சுவரில் கோடிட்டு உயரத்தை அளவுங்கள். நிறையைக் கிளினிக்கிலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பார்த்துக்கொள்ளலாம். கிலோகிராமிலுள்ள நிறையை, மீற்றரிலுள்ள உயரத்தால் இரு தடவை வகுத்தால், உயரத்துக்கு நிறை ஏற்றதா என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டி (BMI) கிடைக்கும். பத்து வயதுப் பையன் 1.35 மீற்றர் உயரமும் 36 கிலோ நிறையும் உடையவனாயின் அது ஏறத்தாழ 19.8 ஆகும். வளர்ந்தவருக்கு இது நல்ல அளவு; ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபில் பத்து வயதுப் பையனுக்கு 18.5 ஐக் கடந்தால் அதிக நிறை, 21.4 ஐக் கடந்தால் உடற்பருமன். வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ப இந்த எல்லைகள் மாறுவதால், குடும்பநல உத்தியோகத்தரிடம் வரைபைக் காட்டிக் கேளுங்கள்.

அந்தப் பையனைப் பட்டினி போடத் தேவையில்லை. ஓராண்டில் அவன் 5 சென்ரிமீற்றர் வளர்ந்து, நிறை 36 கிலோவிலேயே நின்றால் சுட்டி 18.4 ஆகிவிடும், பதினொரு வயதுக்கு அது சரியான அளவு. நிறையைக் குறைப்பதன்று, ஏறவிடாமல் பிடித்து வைப்பதே இங்கு நோக்கம். பசியை அறிந்த தலைமுறையான நம் அம்மம்மாமாருக்குக் கொழுகொழுவென்ற பேரப்பிள்ளை ஓர் ஆறுதல் என்பதால், இதை அவர்களுக்குப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும்.

முடக்கம் பறித்தது நாளின் ஒழுங்கைத்தான்: விடியலில் எழும்புதல், பள்ளிக்குச் சைக்கிள் மிதித்தல், மாலை விளையாட்டு. சூம் வகுப்புக்கென வாங்கிய போன் மட்டும் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. இரவு அதனைப் பெற்றோரின் அறையில் வைத்துவிட்டு, 6 முதல் 12 வயது வரையான பிள்ளைக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கத்தை உறுதிப்படுத்துங்கள். நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். யானை நடமாட்டமுள்ள ஊர்களில் பொழுதுபடுமுன் வீடு திரும்ப வேண்டியிருப்பதால், ரியூசனைக் கிழமையில் இரண்டு மாலைகளாவது விலக்காமல் இது நடவாது. பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று பெண்பிள்ளையின் சைக்கிளையும் கரப்பந்தையும் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

உணவில் சீனியிலிருந்து தொடங்குங்கள். இரண்டு தேக்கரண்டி சீனியிட்ட தேநீர் மூன்று வேளை குடித்தால் 24 கிராம். நாளின் மொத்த உணவுச் சக்தியில் சீனிக்கென உலக சுகாதார நிறுவனம் விரும்பும் 5 வீத எல்லை, பத்து வயதில், ஏறத்தாழ அவ்வளவே. பணிசும் சோடாவும் அதற்கு மேல்தான். கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும். கோதுமை மாப் புட்டுக்குப் பதிலாகக் குரக்கன் புட்டும், மிக்சருக்குப் பதிலாக அவித்த கௌபியோ பயறோ கொடுக்கலாம். குளத்து மீன், முட்டை, முருங்கையிலை ஆகியவற்றைக் குறைக்காதீர்கள். பருத்த பிள்ளைக்கென்று தனிச் சமையல் வேண்டாம். மெலிந்த தம்பிக்கும் அதே சாப்பாடுதான், அவனுக்குச் சற்றுக் கூடுதலாக.

கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்தல், உரத்த குறட்டை, முழங்கால் அல்லது இடுப்பு நோ, அடங்காத தாகத்துடன் அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் வீட்டு முயற்சியுடன் நில்லாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். கடைசியாகச் சொன்னதாயின் அன்றைக்கே.