புதுப்பித்துக் கட்டிய பூர்வீக வீட்டை விற்கப் போகிறீர்களா?

பழைய வீட்டில் பாதியை இடித்துக் கட்டி, ஒயரிங் மாற்றி, டைல்ஸ் ஒட்டி விற்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். வாங்க வருகிறவருக்குப் புது பெயின்ட்டைப் பார்த்ததும் ஆசையைவிடச் சந்தேகம்தான் முந்திக்கொண்டு வரும். உள்ளே என்ன இருக்கிறதோ என்ற பயம். எது பழசு, எது புதுசு என்று வீட்டிலும் பத்திரத்திலும் விலையிலும் நாமே பிரித்துக் காட்டிவிட்டால் அந்தப் பயம் போய்விடும். நான் சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

நான் கூட்டுறவு வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீடு மதுரையில் தெற்கு மாரட் வீதியை ஒட்டிய சந்தில் இருந்தது, 1958-இல் தாத்தா கிரயம் வாங்கியது. திண்ணை, ரேழி, முற்றம், தேக்குத் தூண் வைத்த தாழ்வாரம் வரை பழசு. முற்றத்துக்குப் பின்னால் அடுக்களை, குளியலறை, அதற்கு மேல் மாடி எல்லாம் புதிதாகக் கட்டியது.

விற்பது என்று முடிவானதும் வீட்டுக்குள் பேசி முடியுங்கள். புரோக்கரை அதற்குப் பிறகு கூப்பிடலாம். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், அப்பாவைப் பெற்ற தாயார் உயிரோடு இருந்தால் அவர், எல்லோருக்கும் சமபங்கு. "பொம்பளப் பிள்ளைகளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே" என்று பேசுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. நகை போட்டதால் பங்கு போகாது. ஒரு மகளின் கையெழுத்து இல்லாமல் முடித்த கிரயம், வாங்கியவரைக் கோர்ட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள், எல்லோரும் சேர்ந்து விற்கலாம். இல்லையென்றால் பங்கு வேண்டாம் என்பவர்கள் விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுக்கட்டும்.

புதுப்பித்த வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டப் பணம் போட்டவர் ஒருவர், பங்கு நான்கு பேருக்கு. பணம் போட்டதால் மட்டும் ஒருவருடைய பங்கு கூடிவிடாது, ஆனால் அவர் செலவை மறந்துவிட்டுப் பிரித்தால் உறவு நிற்காது. எங்கள் வீட்டில் பின்கட்டுச் செலவு முழுக்க அண்ணனுடையது. அக்காதான் பேச்சை எடுத்தார்: "அண்ணன் போட்ட காசு முதல்ல அண்ணனுக்கு. மிச்சத்தத்தான் நாலாப் பிரிக்கணும்." அதைத் தாளில் எழுதி நால்வரும் கையெழுத்துப் போட்டோம். விலை பேசுவதற்கு முன்பே எழுதியதால்தான் சண்டை வரவில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

தம்பி சிங்கப்பூரில். வெளிநாட்டில் இருப்பவர் வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

அடுத்தது பத்திரக் கட்டு. மூலப்பத்திரத்தின் அசல், பாகப்பிரிவினை நடந்திருந்தால் அதன் அசல், சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று, டவுன் சர்வே நிலப் பதிவேட்டின் நகல், சொத்துவரி ரசீது, மின் இணைப்பு விவரம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் குறிப்பிட்ட ஆண்டிலிருந்துதான் எடுக்க முடியும். அதற்கு முந்தைய காலத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட வேண்டும். அசல் தொலைந்திருந்தால் போலீஸில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்கி, பத்திரிகையில் விளம்பரமும் கொடுக்க நாளாகும், இன்றே தொடங்குங்கள்.

மாசி வீதி, மாரட் வீதிப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் செக்குபந்தியை, அதாவது நாலு பக்க எல்லை விவரத்தை, பொறுமையாக வாசியுங்கள். எங்கள் பத்திரத்தில் வடக்கு எல்லையாக எழுதியிருந்தவர் காலமாகி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது, கதவிலக்கம் மாறியிருந்தது. கீழ்மேல் அடியும் தென்வடல் அடியும் சர்வே அளவோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். பொதுச்சுவர் இருந்தால் அது யாருக்குப் பாத்தியம் என்று பத்திரத்தில் தேடுங்கள். எழுதப்படவில்லை என்றால் பக்கத்து வீட்டாரோடு பேசி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

புதுப் பகுதிக்கு மாநகராட்சி அனுமதித்த வரைபடம் கட்டாயம் கையில் இருக்க வேண்டும். கடன் வாங்கி வருகிறவரின் பேங்க் இன்ஜினியர் வரைபடத்தையும் கட்டடத்தையும் ஒத்துப் பார்ப்பார், மாடி வரைபடத்தில் இல்லையென்றால் அதற்கு மதிப்புப் போட மாட்டார். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் உயரக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. "மேல இன்னொரு மாடி எடுத்துக்கலாம்" என்று விலையை ஏற்றுவதற்காகச் சொல்லாதீர்கள். பழைய பகுதிக்கு வரைபடம் இருக்காது. நெடுநாளைய வரி ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் அதற்குத் துணை.

இனி வீட்டைக் காட்டுவது. நல்ல விலை கொடுக்கிறவர் கூடவே ஒரு கொத்தனாரைக் கூட்டிவருவார். எங்கள் வீட்டுக்கு வந்த கொத்தனார் மாடுலர் கிச்சனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பூச்செல்லாம் இருக்கட்டும்க்கா, குளியலறைக்குப் பின்பக்கச் சுவரு எங்கிட்டு இருக்கு?" என்று நேராக அங்கே போனார். கீழே உட்கார்ந்து தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பைக் சாவியால் லேசாகச் சுரண்டினார். ஓதம், அதாவது சுவரில் ஏறிய ஈரம், இருந்தால் பொடி கொட்டும், வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பிறகு தாழ்வாரத்துக்கு வந்து தூண்களின் அடியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். கரையான் அரித்த மரம் பொக்கென்று சத்தம் கொடுக்கும். கடைசியாக அவர் நின்ற இடம் பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற மூலை.

அந்த மூலையில் மயிரிழை விரிசல் இருக்கத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர் எப்போதோ இறங்கி நின்றுவிட்டது, புதுச் சுவர் கொஞ்சம் இறங்கும். பட்டி பார்த்து அதை மூடிவிட்டால் நாலு மாதத்தில் திரும்ப வரும், நீங்கள் மறைத்ததாகத்தான் பேச்சு வரும். கட்டும்போது அங்கே என்ன செய்தோம் என்று அண்ணன் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினோம். கொத்தனார் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அஸ்திவாரம், கம்பி கட்டியது, சுவருக்குள் போகும் பைப், ஒயரிங், பாதாளச் சாக்கடை இணைப்பு, எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

பழைய காரைச் சுவர் மேல் சிமென்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு உப்பிப் பெயர்ந்து வரும். விற்பதற்காகவே ஃபால்ஸ் சீலிங் போடுவதும் வீண் செலவு. மச்சின், அதாவது மரம் வைத்துக் கட்டிய பழைய மேல்தளத்தின், உத்தரத்தை மறைக்கிறார்கள் என்றுதான் வருகிறவர் நினைப்பார். கட்டைகுத்திய மச்சு நன்றாக இருந்தால் அதைத் துடைத்து அப்படியே காட்டுங்கள், அதற்கென்றே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

புரோக்கர் பெரும்பாலும் இடத்துக்கு மட்டும்தான் விலை சொல்வார். நீங்கள் இடம், புதுப் பகுதி, பழைய பகுதி என்று மூன்றாகப் பிரித்து எழுதிக்கொண்டு பேசுங்கள். புதுப் பகுதிக்கு இன்றைய கட்டுமானச் செலவில் வயதைக் கழித்துக்கொள்ளுங்கள், பழைய பகுதிக்கு மரத்தின் மதிப்பை ஆசாரியிடம் கேளுங்கள். அலங்காரத்துக்குப் போட்ட காசு திரும்பாது. அஸ்திவாரம், ஒயரிங், சாக்கடை, தண்ணீர் ஆகியவற்றுக்குப் போட்டது திரும்பும். சந்துக்குள் கார் வராது என்றால் விளம்பரத்திலேயே போடுங்கள், போர் தண்ணீர் உப்பு என்றால் அதையும். வீதிக்குள் கடை வைத்திருப்பவர்களுக்கு, சித்திரைத் தேர் மாசி வீதி சுற்றும்போது நடந்தே போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு, கார் ஒரு பொருட்டில்லை. ஆடியில் வந்து பார்ப்பார்கள், அட்வான்ஸ் கொடுப்பது பெரும்பாலும் ஆவணியில்தான், பதற்றப்பட்டு விலையைக் குறைத்துவிடாதீர்கள்.

வாங்குகிறவருக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் ஆகும். அதனால் "பத்திரத்துல கம்மியாப் போட்டுக்கலாம், மிச்சம் ரொக்கம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம். 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்துத்தான் தருவார், எல்லா வாரிசுகளுக்கும் பான் கார்டு தேவை. வெளிநாட்டில் வசிக்கும் வாரிசின் பங்கில் பிடித்தம் மிக அதிகம், குறைத்துப் பிடிக்க வருமான வரித்துறையில் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும்.

2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்துக்கு அந்தத் தேதியின் மதிப்பை, அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல், வாங்கிய விலையாகக் காட்டலாம். அதன் பிறகு கட்டிய செலவும் லாபத்தில் கழியும், பில் இருந்தால். சிமென்ட் கடைச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். 2024 ஜூலை 23-க்கு முன் கைக்கு வந்த வீடு என்றால், இந்தியாவில் வசிப்பவர் 12.5 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வைக் கழித்து 20 சதவீதம், இரண்டில் குறைவானதைக் கட்டலாம். வெளிநாட்டில் இருப்பவருக்கு இது கிடையாது. ஆடிட்டரை அட்வான்ஸ் வாங்கும் முன்பே பாருங்கள்.

கிரய ஒப்பந்தத்தில் காலக்கெடு, முன்பணம், யார் பின்வாங்கினால் என்ன என்பதோடு, வீட்டோடு போகிற பொருள்களையும் எழுதுங்கள். ஊஞ்சல், நிலைக்கதவின் பித்தளைக் குமிழ், இன்வெர்ட்டர் என்று பெயர் சொல்லியே எழுதவேண்டும். பதிவன்று பணம் வங்கிக் கணக்கில் ஏறியதை உறுதிசெய்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சாவியோடு வரைபடம், வேலை நடந்தபோது எடுத்த படங்கள், எலெக்ட்ரீஷியன், பிளம்பர் நம்பர் எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள். மின் மீட்டர் ரீடிங்கை அன்றே படம் எடுத்து, அதுவரையிலான பில் உங்களுடையது, அதற்குப் பிறகு அவருடையது என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மின் இணைப்பும் சொத்துவரியும் அவர் பெயருக்கு மாறிவிட்டதா என்று அடுத்த மாதம் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.