மோஷன் டெஸ்ட்: 'பூச்சி இல்லை' என்று தவறாக வருவது எப்படி?

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா வருகிறார். குழந்தைக்கு நான்கு நாளாகப் பேதி. காலை 6 மணிக்குப் பிடித்த மோஷனை டப்பாவில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் தருமபுரி வந்து, வரிசையில் நின்று லேபில் என் மேசைக்குக் கொடுக்கும்போது மணி 11. ஸ்லைடில், பேதியை உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியான அமீபா அசையவில்லை. அதை வைத்துக் குடலிலும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

தண்ணீராகப் போகும் மலத்தில் அமீபாவும், அதைப் போன்ற ஜியார்டியா என்ற இன்னொரு பூச்சியும் நகரும் நிலையில் இருக்கும். வெளியே வந்த அரை மணி நேரத்திலேயே அவை சிதையத் தொடங்கிவிடும். பேதி என்றால் வீட்டிலிருந்து எடுத்து வராதீர்கள், லேபுக்கு வந்தே கொடுங்கள். கட்டியாகப் போனால் இந்த அவசரமில்லை, பிரிட்ஜில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். சிறுநீரோ தண்ணீரோ கலக்கக் கூடாது. தரையிலிருந்து வழித்தும் எடுக்காதீர்கள். மண்ணில் வாழும் புழுக்கள் ஒட்டிக்கொண்டு வந்து எங்களைக் குழப்பும்.

சரி, லேபில் நடக்கும் தவறுகள்? அயோடின் மட்டும் போட்டுப் பார்ப்பது. அயோடின் பட்டதும் அமீபா செத்துவிடும், அசைவு தெரியாது. ஒரே ஸ்லைடில் ஒரு பக்கம் சலைன் (உப்புநீர்), மறுபக்கம் அயோடின் வேண்டும். பூச்சு தடிமனாகவும் கூடாது; ஸ்லைடுக்கு அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து படிக்க வர வேண்டும்.

எனக்கே நேர்ந்தது ஒன்று. வெயில் காலத்தில் ஒரு நாள் வெளியில் கிடந்த சாம்பிளில் புழுக்குஞ்சு நெளிந்தது. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடல்புழு என்று எழுதப் போனேன். சீனியர் அக்கா மைக்ராஸ்கோப்பில் 40 லென்ஸைத் திருப்பி, "வாயைப் பாருப்பா" என்றார். வாய்க்குழி நீளமாக இருந்தது. அது கொக்கிப்புழு, டப்பாவுக்குள்ளேயே முட்டை பொரித்திருக்கிறது. ஸ்ட்ராங்கிலாய்டஸுக்கு வாய்க்குழி குட்டை. கொக்கிப்புழுவுக்கு அல்பெண்டசோல் போதும், ஸ்ட்ராங்கிலாய்டஸுக்கு ஐவர்மெக்டின் வேண்டும். மாற்றி எழுதியிருந்தால் மருந்தே மாறியிருக்கும்.

ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பு என்றால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். அதன் முட்டை மோஷனில் பெரும்பாலும் கிடைக்காது. காலையில் கழுவுவதற்கு முன் செலோடேப்பை அங்கே ஒற்றி, ஸ்லைடில் ஒட்டித்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், ஒரே சாம்பிளோடு விட்டுவிடுவது. பூச்சி தினமும் ஒரே அளவில் வெளியேறாது. ஒன்றுவிட்டு ஒரு நாளாக மூன்று சாம்பிள் தேவை. அந்த அம்மாவிடம் மறுநாள் குழந்தையையே கூட்டி வரச் சொன்னேன். அன்றைய ரிப்போர்ட்டில் 'காணப்படவில்லை' என்பதற்குக் கீழே, எடுத்தது 6 மணி, பார்த்தது 11 மணி என்றும் எழுதிக் கொடுத்தேன்.