கேஸ் சட்டம் மாறுகிறதென்று ஏசியைத் தூக்கிப் போடாதீர்கள்: கடலோர வீடுகளில் நடக்கும் தவறுகள்

"தம்பி, நம்ம மெசின்ல இருக்கிற கேஸைத் தடை பண்ணிட்டாங்களாமே, மாத்திரணுமா?" போன கோடையில் இதைக் கேட்காத வீடு குறைவு. மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை என்று இந்தக் கரையோரம் முழுக்க ஏசி வேலை பார்க்கிறவன் நான். விசாரித்தால், கேள்விக்குப் பின்னால் எங்கோ பார்த்த ஒரு வீடியோ இருக்கும். ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் கேஸில் ஓடும் புது வீட்டு ஏசியைத் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் 2025 ஜனவரி 1 முதல் தடை. உண்மைதான், ஆனால் அது அமெரிக்கச் சட்டம். அதை நம்பி நன்றாக ஓடுகிற மெசினை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

நம் நாட்டுக் கணக்கு வேறு. ஓசோன் படலத்தைக் காப்பதற்கான 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி, பழைய ஆர்-22 கேஸ் படிப்படியாக விடைபெறுகிறது. 2025 தொடக்கத்திலிருந்து அதை வைத்துப் புது மெசின் தயாரிக்க இங்கே அனுமதி இல்லை. 2030-க்குப் பிறகு, ஏற்கெனவே ஓடும் மெசின்களின் சர்வீசுக்கென்று சிறு அளவு மட்டும் 2040 வரை கிடைக்கும். அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டும் ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்கும். கரியமில வாயுவுக்கு 1 என்று வைத்தால் 410-க்கு 2,088, 32-க்கு 675. இந்த வகை கேஸ்களைக் குறைக்கத்தான் அதே ஒப்பந்தத்தில் 2016-ல் கிகாலி திருத்தம் வந்தது. இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது. நமக்கு 2028-ல் இந்த கேஸ்களின் அளவுக்கு உச்சவரம்பு, 2032-ல் 10 சதவீதக் குறைப்பு, 2047-ல் 85 சதவீதம்.

இதில் எங்கேயும் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற மெசினைக் கழற்றச் சொல்லவில்லை. பிடி எல்லாம் தயாரிக்கிறவர், இறக்குமதி செய்கிறவர் மேல்தான். உங்களிடம் அது கேஸ் விலையாக வந்து சேரும், அதுவும் மெசின் ஒழுகினால் மட்டும்.

அங்கேதான் நம் ஊர் மாட்டிக்கொள்கிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தையே உப்பு தின்று, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடு எம்மாத்திரம்! கடலைப் பார்த்த மொட்டை மாடியில் மூன்று நான்கு வருடம் இருந்த யூனிட்டை விரலால் தொட்டுப் பாருங்கள். தகடு வெள்ளைப் பொடியாக உதிரும். அடுத்தது காயில், அதாவது தகடுகளுக்கு நடுவே கேஸ் ஓடும் குழாய்.

"வருசா வருசம் கோடைக்கு முன்னாடி கேஸ் போட்டுருவோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். கேஸ் என்பது பைக்குப் போடுகிற பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். கேஸோடு உள்ளே இருக்கும் எண்ணெயும் கசியும். குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டிலோ காயில் வளைவிலோ தூசி படிந்து பிசுக்காக ஒரு கறை தெரியும். அங்கே சோப்பு நுரையைத் தடவினால் சின்னச் சின்னக் குமிழியாகக் கிளம்பும். மெக்கானிக் அதைத் தேடாமல் நேராக சிலிண்டரை மாட்டினால், "லீக் எங்கேன்னு காட்டிட்டுப் போடுங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள். ஓட்டையை அடைத்து, பம்பை வைத்துக் குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி (வேக்கம் இழுப்பது இதுதான்), மெசினில் எழுதியிருக்கும் எடைக்குத் தராசு வைத்துக் கேஸ் ஏற்றுவதுதான் முறை. பிரஷர் மீட்டரை மட்டும் பார்த்து "சரியாயிருச்சு" என்பது குத்துமதிப்பு.

உப்பைக் கழுவுகிறேன் என்று போர் தண்ணீரை யூனிட் மேல் பீய்ச்சுகிறவர்களும் உண்டு. நம் பக்கம் போர் தண்ணீரே உப்பு! காவிரிக் குடிநீரை இதற்குச் செலவழிக்க மனசு வராது, சரி. இன்டோர் யூனிட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் இருக்கிறதே, அதில் உப்பு இல்லை. நம் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரியில் வாளி நிறையும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அதை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். நான் பார்த்ததில் இதற்கு ஈடான பராமரிப்பு வேறு இல்லை. நீல நிறப் பூச்சு போட்ட தகடு கொஞ்சம் தாங்கும். அது இருக்கிறதென்று கழுவாமல் விட்டால் அதுவும் போய்விடும்.

எனக்குப் பயம் தருவது வேறு. கீழக்கரையில் ஒரு வீட்டில் பழைய 22 மெசின், குளிர்ச்சி இல்லை என்று கூப்பிட்டார்கள். சர்வீஸ் வால்வில் ஹோஸை மாட்டினேன். சமையல் கேஸ் வாடை. "ராத்தா, அடுப்பு எதுவும் எரியுதா?" "இல்லையே தம்பி." வாடை என் கையிலிருந்த ஹோஸிலிருந்துதான் வந்தது. முன்னால் வந்த யாரோ, 22 விலை ஏறிவிட்டதென்று சமையல் கேஸை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். குளிரும், பொய்யில்லை. ஆனால் அந்த மெசினின் ஸ்விட்ச், ரிலே எதுவும் தீப்பற்றும் கேஸுக்காகச் செய்ததில்லை. படுக்கையறைக்குள் கசிந்தால், ஒரு பொறி போதும். ஆர்-290 என்று புரொப்பேனிலேயே ஓடும் ஏசிகள் நம் சந்தைக்கு வந்திருக்கின்றன. அவை முதலிலிருந்தே அதற்கென்று வடிவமைத்தவை, கேஸின் அளவும் குறைவு. 22 மெசினில் 290-ஐ ஏற்றுவதும் அந்தக் கீழக்கரை வேலை மாதிரிதான்.

22 மெசினில் 410-ஓ 32-ஓ போடலாமா என்றால், கூடாது. அவற்றின் அழுத்தம் 22-ன் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல். கம்ப்ரசர் எண்ணெயும் வேறு. 410 மெசினில் 32-ஐ ஏற்றுவதும் வேண்டாம். ஆர்-32 லேசாகத் தீப்பற்றும் ரகம், 410 அப்படியில்லை. இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை போதாது.

அப்புறம், குழாயில் அழுத்தம் ஏற்றி லீக் பார்க்க ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அழுத்தமான ஆக்சிஜனும் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும், ஆள் போய்விடும். நைட்ரஜன்தான் போட வேண்டும். சிலிண்டரை மாற்றிவர அரை நாள் ஆகட்டும்.

ராமேஸ்வரத்தில் லாட்ஜ்கள் ஏசி மாற்றும்போது பழையது சல்லிசாக வரும். வாங்குமுன் கேஸ் என்னவென்று பாருங்கள். 22 என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இனி ஒவ்வொரு ஒழுக்கும் செலவு. புதிதாக வாங்குகிறவர்கள் "அடுத்த கேஸ் வரட்டும்" என்று காத்திருக்கத் தேவையில்லை. 32 இன்றைக்குப் பரவலாகக் கிடைக்கிறது. நம் உப்புக் காற்றில் மெசினின் ஆயுசுக்குள் அது கிடைக்காமல் போகும் என்று நான் நினைக்கவில்லை. கேஸ் பெயரைவிட, காயில் செம்பா அலுமினியமா என்று கேளுங்கள். செம்பில் ஓட்டை விழுந்தால் இங்கேயே பற்றவைக்கலாம்; அலுமினியத்துக்குப் பெரும்பாலும் காயிலையே மாற்ற வேண்டும். வாரண்டி அட்டையில் துரு, அரிப்பு பற்றிய வரியையும் தேடிப் படியுங்கள்.

பழைய மெசினைக் காயலான் கடைக்கு அப்படியே போடாதீர்கள். அங்கே செம்புக் குழாயை அறுத்த நொடியில் கேஸ் முழுக்கக் காற்றில் போகும். கழற்றுகிறவரிடம் கேஸை அவுட்டோரிலேயே அடைத்து வால்வை மூடச் சொல்லி, எக்ஸ்சேஞ்சிலோ மின்கழிவு எடுக்கிறவரிடமோ கொடுங்கள்.

கேஸ் பெயரும் எடையும் அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும். நம் வெயிலிலும் உப்பிலும் அது இரண்டு வருடத்தில் வெளுத்துவிடும். இன்றைக்கே மாடிக்குப் போய் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வந்து முதலில் கேட்பது அதைத்தான்.