கொமின்கா வாங்கியாச்சா? முதலில் தரைக்குக் கீழே பாருங்கள்

ஜப்பானில் ஒரு கொமின்காவை, அதாவது அந்தக் கால விவசாயக் குடும்பத்து மர வீட்டை, வாங்கிய கையோடு சமையலறை டிசைன் தேட உட்காராதீர்கள். ததாமி பாயைத் தூக்கி, அடியில் இருக்கும் பலகையில் இரண்டைப் பெயர்த்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தூண்கள் பெரும்பாலும் வெறும் கல்லின் மேல் நின்றுகொண்டிருக்கும், போல்ட் எதுவும் இருக்காது. மரம் கல்லைத் தொடும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். பொதபொதவென்று உள்ளே இறங்கினால் கரையானோ ஈரமோ வேலையைக் காட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதற்காக வீட்டையே கைவிட வேண்டியதில்லை, அழுகிய அடிப்பகுதியை மட்டும் அறுத்தெடுத்துவிட்டுப் புது மரத்தைக் கோத்து இணைக்கும் நெத்சுகி என்ற வேலை மரபுத் தச்சர்களுக்குக் கைவந்த கலை.

அப்புறம் கூரை. ஒழுகும் கூரையை வைத்துக்கொண்டு உள்ளே செய்யும் எந்த வேலையும் வீண். பல வீடுகளில் பழைய புல்கூரையின் மேலேயே தகரம் போர்த்தியிருப்பார்கள். ஒழுகாதவரை அதைத் தொடாதீர்கள்.

நிலநடுக்கம் விஷயத்தில் சொந்த மூளையை நம்பாதீர்கள். இந்த வீடுகள் 1981 ஜூனில் வந்த விதிகளுக்கு ரொம்ப முந்தியவை, மூங்கில் பின்னலில் மண் பூசிய சுவரும் மரக் கோப்புகளும் சேர்ந்து கொஞ்சம் ஆடிக்கொடுத்து அதிர்வை வாங்கிக்கொள்ளும். ஒரு மூலையில் மட்டும் பிளைவுட் அடித்து விறைப்பாக்கினால் பாரமெல்லாம் வேறு பக்கம் போய் முறியும். பழைய கட்டுமானம் தெரிந்த பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

சரி, குளிர். வீடு முழுவதையும் சூடாக்கப் பார்க்காதீர்கள், உத்தரம் வரை திறந்து கிடக்கும் அவ்வளவு பெரிய கூடத்தில் ஹீட்டர் எவ்வளவு ஓடினாலும் சூடு மேலேதான் போகும். குளிர்காலத்தில் நீங்கள் உண்மையில் புழங்கும் இரண்டு மூன்று அறைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றைக் கச்சிதமாகச் செய்யுங்கள். காசுக்கு நல்ல பலன் தருவது தரைதான், பலகை இடுக்கு வழியாகத்தான் காற்று ஏறுகிறது, அதனால் குறுக்குக் கட்டைகளுக்கு நடுவே இன்சுலேஷன் திணியுங்கள். அடுத்து ஜன்னல்: ஒற்றைக் கண்ணாடி அலுமினியச் சட்டத்தைப் பிடுங்க வேண்டாம், உள்பக்கம் பிளாஸ்டிக் சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் ஒன்றைப் பொருத்தினால் போதும். மண்சுவருக்கு மட்டும் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிவிடாதீர்கள், மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுவதுதான் அதன் வேலை, அதை அடைத்தால் உள்ளே இருக்கும் மரம் அழுகும். மரநார் இன்சுலேஷன் மாதிரி ஈரத்தைக் கடத்தும் பொருளாகப் பாருங்கள். தரைக்கு அடியில் காற்றோடும் வழியையும் அடைக்கக் கூடாது.

குளியலறையும் உடை மாற்றும் இடமும் கட்டாயம் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த அறையில் உடை களைந்துவிட்டு வெந்நீர்த் தொட்டியில் இறங்கும்போது ரத்த அழுத்தம் தாறுமாறாக மாறுவது வயதானவர்களின் உயிருக்கே ஆபத்து, அழகுக்குச் செலவழிப்பதை இதற்குச் செலவழியுங்கள். கழிவறை இன்னும் குழிவகையாக இருந்தால் சாக்கடை இணைப்பு உண்டா, இல்லை வீட்டுக் கழிவுநீரை அங்கேயே சுத்திகரிக்கும் ஜோகாசோ தொட்டி புதைக்க வேண்டுமா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். பல ஊர்களில் அந்தத் தொட்டிக்கு மானியம் தருகிறார்கள்.

அங்கே போகும்போதே அனுமதியையும் விசாரித்துவிடுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து இரண்டு மாடி மர வீட்டில் கூரை, தூண், உத்தரம், சுவர் போன்றவற்றில் ஏதாவது ஒன்றைப் பாதிக்கு மேல் மாற்றினாலும் கட்டட ஒப்புதல் தேவை. தச்சரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதை முடித்துக்கொள்ளுங்கள்.