9 ஜி-யில் விமானியை மயங்கவைக்கும் தவறுகள்

போர் விமானம் இறுக்கமாக வளையும்போது உடம்பின் மீதான விசை 9 ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு வரை போகும், 70 கிலோ ஆள் அந்த நேரத்தில் 630 கிலோ கனப்பார். இதயத்திலிருந்து தலை சுமார் ஒரு அடி உயரத்தில் இருப்பதுதான் சிக்கல், ஒவ்வொரு ஜி-க்கும் மூளைக்கு ஏறும் ரத்த அழுத்தத்தில் கிட்டத்தட்ட 22 மி.மீ. பாதரசம் (ரத்த அழுத்தத்தை அளக்கும் அலகு) போய்விடும். இதயம் தருவதே 120 தான் என்பதால் 5 ஜி-யைத் தொடும்போதே கணக்குத் தீர்ந்துவிடுகிறது.

ஜி-சூட் போட்டிருக்கிறோமே, அது பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பது முதல் தவறு. காற்று நிரம்பி காலையும் வயிற்றையும் அழுத்தும் அந்த உடை கூடுதலாகத் தருவது 1 முதல் 1.5 ஜி-தான், மீதியை விமானியே தசையை முறுக்கி ஈடுகட்ட வேண்டும்.

அதைத் தாமதமாகத் தொடங்குவதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் மோசமான தவறு. விசை மெதுவாக ஏறினால் முதலில் நிறம் மங்கும், அப்புறம் ஓரங்கள் இருளும், எச்சரிக்கை கிடைக்கும். ஆனால் இன்றைய விமானங்களில் ஓரிரு வினாடியில் விசை உச்சத்துக்கு ஏறிவிடும், மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் ஐந்து வினாடிக்குத்தான் வரும் என்பதால் கண் மங்காமலேயே நேராக நினைவு தப்பிவிடும். அதனால் விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கை (கட்டுப்பாட்டுக் கைப்பிடியை) இழுப்பதற்கு முன்பே தொடை, பிட்டம், வயிறு மூன்றும் இறுகியிருக்க வேண்டும்.

அடுத்தது மூச்சு. நெஞ்சு நிறைய இழுத்து, 'ஹிக்' என்று சொல்ல வந்து 'க்'கில் நிறுத்தினால் தொண்டை அடைபடும், அந்த அடைப்பை எதிர்த்து மூன்று வினாடி முக்கிவிட்டு, ஒரு வினாடிக்குள் கொஞ்சம் காற்றை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்ப முக்க வேண்டும். அதிக நேரம் அடக்கினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். மொத்தமாக விட்டுவிட்டாலோ அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும், நடுவில் ரேடியோவில் பேசினாலும் அதே கதிதான்.

2016-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பயிற்சி விமானி எஃப்-16-ல் 8 ஜி தாண்டியதும் மயங்கிவிட்டார், விமானம் தரையை நோக்கிப் பாய, பயிற்சியாளர் ரேடியோவில் கத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் தரைமோதல் தடுப்புக் கருவிதான் தானாக விமானத்தை மேலே இழுத்தது. மயக்கம் பத்துப் பன்னிரண்டு வினாடியில் தெளிந்தாலும், அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட அதே அளவு நேரம் ஆள் குழப்பத்தில்தான் இருப்பார், அதனால்தான் இந்தக் கருவி இவ்வளவு முக்கியம்.

சாகசப் பறப்பில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளி எதிர்மறை ஜி-யில், அதாவது விசை தலைப்பக்கமாகத் தள்ளும் நிலையில், இருந்துவிட்டு உடனே ஸ்டிக்கை இழுக்காதீர்கள். தலைக்கு ரத்தம் ஏறியதால் உடம்பு இதயத்துடிப்பைக் குறைத்து ரத்தக்குழாய்களைத் தளர்த்தியிருக்கும், வழக்கமாகத் தாங்கும் 4 ஜி கூட அப்போது ஆளைச் சாய்த்துவிடும்.

கழுத்தையும் மறக்கவேண்டாம். தலையும் ஹெல்மெட்டுமாக 6 கிலோ என்றால் 9 ஜி-யில் 54 கிலோ, இழுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் திரும்பிப் பார்த்துத்தான் பலர் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். திருப்ப வேண்டியதை முன்பே திருப்பி இருக்கையில் சாய்த்து வைத்துவிட்டு, அப்புறம் இழுங்கள். தண்ணீர் குறைவாகக் குடித்த நாளிலும், தூங்காத நாளிலும், நீண்ட விடுப்பு முடிந்து வந்த முதல் வாரத்திலும் நேற்றுவரை தாங்கிய அளவை நம்பி ஏறக்கூடாது.